லியா வடக்கோ, தெற்கோ?

எங்கள் மிருகக்காட்சிச்சாலையில் ஊளைக் குரங்குகளின் வீட்டுக்கு முன்னால் இருக்கும் பெயர்ப்பலகையில் இரண்டாவது வரியைக் கறுப்பு ஒட்டுநாடாவால் மறைத்திருக்கிறார்கள். முதல் வரியில் குரங்கின் பெயர் இருக்கிறது. இரண்டாவதில் அது எந்தத் துணையினம், அதாவது அந்த இனத்துக்குள்ளேயே வடக்குப் பிரிவா தெற்குப் பிரிவா என்று இருந்தது. ஓய்வு பெற்ற பிறகும் வருடாந்த அட்டையைக் காட்டி உள்ளே போய்வருகிற ஆள் நான். போன மாதம்தான் இதைக் கண்டேன். என் இடத்தில் இப்போது வேலை செய்யும் மிரியம் வாளியோடு வந்தாள். ஏன் மறைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். மேலிடத்து உத்தரவாம், புதுப் பலகை வரும்வரை இப்படித்தானாம். அந்த வரியால் இங்கே முன்பு என்னவோ நடந்ததாமே, உங்களிடம் கேட்கச் சொன்னார்கள் என்றாள். நடந்ததுதான். அவளுக்கு வேலை காத்திருந்தபடியால் சுருக்கமாகச் சொல்லி அனுப்பினேன். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் எதற்கும் அந்தரப்படுகிற ஆள். பயப்பட ஒன்றும் இல்லையென்றால் ஏன் ஒன்றும் இல்லை என்று பயப்படுவேன் என்பாள் என் மனைவி தயாளினி. கிழக்கு ஜெர்மனியின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் அகதியாக வந்து இறங்கி, மேற்கு பெர்லின் வழியாகக் கெல்சென்கிர்ச்சனுக்கு வந்து சேர்ந்தவன். சில காலம் உணவகத்தில் சட்டி கழுவினேன். பிறகு பக்கத்து நகரத்து மிருகக்காட்சிச்சாலையில் கூட்டித் துடைக்கிற வேலை கிடைத்தது. அங்கேயே என் வயதில் பாதி வயதுப் பிள்ளைகளோடு இருந்து அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சியை முடித்து விலங்குப் பராமரிப்பாளன் ஆனேன். தமிழ்ச் சங்கக் கூட்டங்களில் என்னைக் கண்டால், "அண்ணை, குரங்குகள் சுகமோ?" என்றுதான் விசாரிப்பார்கள். என் சுகத்தை ஒருவரும் கேட்டதில்லை.

குரங்குப் பகுதிக்கு மேலாளராக இருந்தவர் ஃப்ராவ் கெஸ்லர். உயரமான பெண்மணி, கதை குறைவு. எந்தக் கூண்டுக்குள் போவதற்கு முன்பும் விரல் முட்டியால் கதவில் இரண்டு தட்டுத் தட்டுவார். குரங்குகள் அவரை ஏற்கெனவே பார்த்துக்கொண்டுதான் இருக்கும். ஆனாலும் வீட்டுக்காரருக்குச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பது அவருடைய சட்டம். உள்ளே போனதும் விலங்குக்கு முதுகைக் காட்டி நிற்பார், கண்ணைப் பார்க்க மாட்டார். ஒருவரையும் பாராட்ட மாட்டார். ஒன்றும் சொல்லாமல் போனால் வேலை சரி என்று அர்த்தம். மற்ற ஜெர்மன்காரர் என் பெயரை வெட்டிக் கொத்திச் "சிவா" ஆக்கியபோது, அவர் மட்டும் முதல் நாளிலிருந்து மரியாதை சேர்த்து முழுதாக "ஹெர் சிவனேசன்" என்றே கூப்பிட்டார்.

ஊளைக் குரங்கு பிரேசில் காட்டில் இலை தின்று, நாளின் பெரும்பகுதி தூங்கிக் கழிக்கிற பிராணி. விடியற்காலையில் அது போடுகிற சத்தம் பக்கத்துத் தெருவுக்கும் கேட்கும். வயிறோ பொல்லாத வயிறு. தீனி சற்று மாறினாலும் சாப்பாட்டை விட்டுவிடும், விட்டால் கெதியில் செத்தும் போகும். அதனால் கோடை முழுக்க ஹாசல், லிண்டன் மர இலைகளை ஒடித்து உறைபெட்டியில் அடுக்குவோம். பனிக்காலத்தில் முள்ளுக் குத்தக் குத்தக் காட்டுப் பெர்ரி இலை வெட்டுவோம். எங்களிடம் பாக்கோ என்ற ஆண் இருந்தான். தெற்குப் பிரிவைச் சேர்ந்தவன், செங்கல் நிறம்.

அவனிடம் என்னை விட்ட முதல் வாரமே நான் ஊரைக் கூட்டினேன். காலையில் போனால் அவன் படுக்கிற பலகையில் சிவப்பு. கழுத்திலும் நெஞ்சிலும் ஈரச் சிவப்பு. தொண்டை கிழிந்துவிட்டது என்று முடிவுகட்டி வோக்கிடோக்கியில் கத்தினேன். மிருக வைத்தியர் காலைச் சாப்பாட்டை விட்டு ஓடிவந்தார், மயக்க மருந்துப் பெட்டி வந்தது, பார்வையாளர் பாதையை மூடினார்கள். ஃப்ராவ் கெஸ்லர் கடைசியாக வந்தார், கதவில் இரண்டு தட்டுத் தட்டினார், வெள்ளைத் துவாய் ஒன்றால் பலகையைத் துடைத்து என் மூக்கடியில் நீட்டினார். துருவின் நிறம், கஸ்தூரி மாதிரி ஒரு வாடை. இந்தப் பிரிவு ஆண்களின் தோலில் ஊறுகிற சாயம் அது, ரத்தம் அல்ல. ரத்தம் காயக் காயக் கறுக்கும், இது கறுக்காது என்றார். வேறு ஏச்சுப் பேச்சு இல்லை. அடுத்த நாள் என் அலுமாரியில் ஒரு கட்டு வெள்ளைத் துவாய் இருந்தது. அன்றிலிருந்து வாரம் ஒருமுறை பாக்கோவின் பலகையைத் துடைத்து, துவாயைக் கொடியில் போட வேண்டும். நிறம் அழுத்தமாக இருந்தால் ஆள் சுகம். வெளிறினால் ஏதோ பிழை. நான் ஓய்வு பெறும்வரை அந்தக் கொடியைப் பார்க்காமல் ஒரு நாளும் வீட்டுக்குப் போனதில்லை.

பாக்கோவின் பழைய துணை வயதாகிச் செத்த பிறகு, ஒருநாள் சுங்கத்துறையிலிருந்து ஒரு பெண் குரங்கைக் கொண்டுவந்தார்கள். யாரோ பணக்காரர் வீட்டில் களவாக வளர்த்ததாம். எலும்பும் தோலும், அங்கங்கே மயிர் உதிர்ந்து நிறமே தெரியாத கோலம். லியா என்று பெயர் வைத்தோம். அவளோடு வந்த தாளில் பிறந்த இடம் என்ற கட்டத்தில் "தெரியாது" என்று இருந்தது. எனக்கு அதைப் படிக்க ஒரு மாதிரியாக இருந்தது. நானும் தாள் இல்லாமல் வந்தவன்தான். அகதி விசாரணையில் அதிகாரி இலங்கைப் படத்தை மேசையில் விரித்து, உன் ஊரைக் காட்டு என்றபோது, பதகளிப்பில் கடலில் விரலை வைத்தவன் நான்.

சிக்கல் என்னவென்றால், லியா தெற்குப் பிரிவு என்றால் பாக்கோவோடு இருக்கலாம். வடக்குப் பிரிவு என்றால் முடியாது. வடக்குப் பிரிவில் மிஞ்சியிருப்பவை மிகச் சொற்பம். காடும் போய், மஞ்சள் காய்ச்சலும் அள்ளிக்கொண்டு போன பிறகு ஒவ்வொரு பெண் குரங்கும் அங்கே தேவை. பிரேசிலில் உள்ள இனப்பெருக்க நிலையத்துக்கு அவளை அனுப்பிவிட வேண்டும். எது என்று தெரியும்வரை தனியாக வைப்பதுதான் முறை. தயாளினியிடம் இதைச் சொன்னேன். "அங்கையும் வடக்கு தெற்குப் பிரச்சினையோ? இதுக்குத்தானே நாங்கள் ஓடி வந்தனாங்கள்" என்றாள்.

தனியாக வைத்தோம். லியா சாப்பிடவில்லை. இலையை மணந்து பார்த்துவிட்டுச் சுவரைப் பார்த்துக் குந்தியிருப்பாள். தயாளினி பிள்ளையாருக்கென்று பல்கனியில் வளர்த்த செம்பரத்தையில் ஒரு பூவைப் பிடுங்கிக்கொண்டு போனேன். அதை மட்டும் வாங்கித் தின்றாள். செடி மொட்டையாகிக்கொண்டு வந்தது, லியாவோ மெலிந்துகொண்டே போனாள். நித்திரை இல்லாமல் நானும் மெலிந்தேன். ஒருநாள் காலை ஃப்ராவ் கெஸ்லர் வந்து அவளைக் கனநேரம் பார்த்தார். எந்தப் பிரிவு என்று கண்டுபிடித்து முடிக்கும்போது இங்கே பிரிக்க ஒன்றும் மிஞ்சாது என்று சொல்லிவிட்டு, இரண்டு கூண்டுக்கும் நடுவில் இருந்த கதவைத் தன் கையாலேயே இழுத்துத் திறந்தார். பொறுப்பு தன்னுடையது என்று எழுதியும் கொடுத்தார். குட்டி வந்துவிடக் கூடாது என்பதற்காகப் பெண்கள் போடுகிற கருத்தடை மாத்திரையை வற்றாளைக் கிழங்கு மசியலுக்குள் வைத்துத் தினமும் ஊட்டுவது என் வேலை ஆனது. கோயிலில் யாருக்கும் இதைச் சொல்லிவிட வேண்டாம் என்று தயாளினி கையெடுத்துக் கும்பிட்டாள்.

கதவு திறந்த அன்று பின்னேரமே லியா பாக்கோவின் பக்கத்தில் இருந்து ஹாசல் இலை தின்றாள். அதற்குப் பிறகு இருவரையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அவன் வயிற்றில் முதுகைச் சாய்த்து, வாலை அவன் வாலோடு சுற்றிக்கொண்டுதான் தூங்குவாள். மயிர் புதிதாக அடர்ந்து வந்தது, செம்மையாக. அங்கேதான் என் பதற்றமும் தொடங்கியது. தெற்குப் பிரிவில் ஆண் சிவப்பு, பெண் கரும்பழுப்பு. வடக்கில் ஆணும் பெண்ணும் செம்மை. படங்களைப் பார்த்த நிபுணர் ஒருவர், பெண் செம்மையாக இருப்பதால் வடக்காக இருக்கலாம், ஆனால் நிறத்தை வைத்துச் சொல்ல ஏலாது, ரத்தம் வேண்டும் என்றார்.

எனக்கோ சந்தேகமே இல்லை. அது பாக்கோவின் சாயம். நாள் முழுக்க அவனில் சாய்ந்து கிடப்பவளுக்கு வேறு என்ன நிறம் வரும்? கீழே அவள் கரும்பழுப்புத்தான், தெற்குத்தான், எங்கேயும் போக மாட்டாள். இதை நானே எனக்குச் சொல்லிச் சொல்லி நிம்மதி தேடிக்கொண்டேன்.

இப்போது மிரியம் போன்றவர்கள் குரங்கின் எச்சத்தை ஒரு குப்பியில் போட்டு அனுப்பினாலே போதும், மரபணு வந்துவிடுகிறது. அன்றைக்கு நிறப்புரிகளை, அதாவது குரோமோசோம்களை, எண்ணிப் பார்க்க உயிருள்ள ரத்தம் வேண்டும், அதற்கு மயக்க வேண்டும். ஊதுகுழாயால் ஊசி அடிப்பதை ஃப்ராவ் கெஸ்லர் அனுமதிக்கவில்லை. பயந்த ரத்தம் வேண்டாம் என்றார். அதனால் லியாவைக் கம்பிவலையோடு தொடையை ஒட்டிக் காட்டப் பழக்கினேன். முதலில் வெறும் விரலால் தொடுவேன், பூக் கொடுப்பேன். பிறகு பென்சிலால், பிறகு ஊசி இல்லாத சிரிஞ்சால். கடைசியில் உண்மையான ஊசி போட்ட அன்று அவள் திரும்பி என்னைத்தான் பார்த்தாள்.

அவள் சரிந்ததும் மேசையில் கிடத்தினோம். என் புறங்கையை அவள் மூக்குக்குக் கீழே பிடித்துக்கொண்டிருக்கச் சொன்னார் ஃப்ராவ் கெஸ்லர். மூச்சைப் பார்க்க இயந்திரம் இருந்தது. ஆனாலும் இயந்திரம் ஒருவருக்காகவும் பயப்படாது, நீங்கள் பயப்படுவீர்கள், அதனால் நீங்கள் பிடியுங்கள் என்றார். வைத்தியர் தொடை நரம்பில் ரத்தம் எடுத்தார். நான் மற்றக் கையால் ஈரத் துவாயை எடுத்து அவள் முதுகைத் துடைத்தேன். துவாய் சிவந்தது. எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல முடியாது. பாருங்கள், சாயம்தான், தெற்குத்தான் என்று காட்டினேன்.

ஃப்ராவ் கெஸ்லர் துவாயை வாங்கிப் பார்த்தார். "பாக்கோ எங்கே படுத்தான் என்பதை உங்கள் துவாய் சொல்கிறது, ஹெர் சிவனேசன். இவள் எங்கே பிறந்தாள் என்று அது சொல்லவில்லை" என்றார்.

அந்த நேரம் பார்த்து என் புறங்கையில் மூச்சு தட்டுவது நின்றது. நான் என்ன கத்தினேன் என்று தெரியாது, தமிழில்தான் கத்தியிருப்பேன். வைத்தியர் என்னைத் தள்ளிவிட்டு நெஞ்சை அழுத்தினார். குழாய் போட்டார்கள். மூச்சு திரும்ப வந்தது. ஆனால் மத்தியானம் கடந்தும் அவள் கண் திறக்கவில்லை. பாக்கோ மறுபக்கத்தில் நின்று கம்பியைப் பிடித்து உலுப்பிக்கொண்டே இருந்தான். பின்னேரம்தான் அவள் எழும்பித் தலையை ஆட்டினாள். இன்னொரு முறை இவளை மயக்குவதில்லை என்று வைத்தியர் எழுதி வைத்தார்.

ரத்தம் சூடாகவும் கூடாது, உறையவும் கூடாது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வேறொரு நகரத்துப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்துக்கு நானே ரயிலில் கொண்டுபோனேன். வாங்க வந்தது வைஷ்ணவி என்ற மதுரைப் பிள்ளை. என் பெயரைத் தாளில் கண்டதும் தமிழில் தொடங்கிவிட்டாள். அன்றிலிருந்து அவளுக்குத் தொல்லைதான். முடிவு வந்ததா என்று அடிக்கடி தொலைபேசி எடுப்பேன். "டென்ஷன் ஆகாதீங்க அங்கிள். செல்ஸ் வளரணும், அப்புறம்தான் குரோமோசோம் பாக்க முடியும். ரிசல்ட் வந்தா ஃபர்ஸ்ட் கால் உங்களுக்குத்தான்" என்பாள். எனக்குத் தெற்கு என்று வந்தால் போதும் என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

முதல் அழைப்பு எனக்குத்தான் வந்தது. கொஞ்சநேரம் என் சுகம், தயாளினியின் சுகம் எல்லாம் கேட்டாள். அப்போதே விளங்கிவிட்டது. "நார்த் தான் அங்கிள். டூ டைம்ஸ் பாத்துட்டேன்" என்றாள். லியாவின் உண்மையான செம்மைக்கு மேல் பாக்கோவின் சாயமும் சேர்ந்திருக்கிறது. இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொண்டது நான்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. பலகையில் இரண்டாவது வரியை அப்போதுதான் எழுதினார்கள், பாக்கோவுக்குத் தெற்கு, லியாவுக்கு வடக்கு என்று. பயணப் பெட்டி வந்தது. அதற்குள் போகப் பழக்கியதும் நான்தான். முதலில் பெட்டி வாசலில் பூ, பிறகு நடுவில், பிறகு உள்மூலையில். கதவை மூடித் திறந்து, மூடித் திறந்து, மூடியிருக்கும் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். அவள் என்னை நம்பி நம்பிப் பழகினாள். வீட்டுக்கு வந்தால் தயாளினியோடு கதைக்கவும் மனம் வராது. புறப்படுகிற அன்று, பாக்கோவின் பலகையைத் துடைத்த துவாயைப் பெட்டிக்குள் வைக்கட்டுமா, வாடை இருந்தால் பதறாமல் போவாள் என்று கேட்டேன். ஃப்ராவ் கெஸ்லர் பதில் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் போனால் சரி என்று அர்த்தம்.

வான் வண்டியில் பெட்டியோடு விமான நிலையத்துக்குப் போனது நான். சரக்குப் பகுதியில் ஒரு மிருக வைத்தியர் விளக்கை அடித்து உள்ளே பார்த்தார், இளம் பெண். பார்த்தவர் நிமிர்ந்து, ரத்தம் என்றார். துவாயைப் பற்றிச் சொன்னேன். துவாயில் இருப்பது சரி, துவாய்க்கு எட்டாத மூலையில் மரத்தூளிலும் இருக்கிறதே என்றார். குனிந்து பார்த்தேன். இருந்தது. விமானத்துக்குப் பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. ரத்தம் என்றால் பயணத்தை நிறுத்தித் திருப்பி அனுப்புவேன், சாயம் என்றால் கையெழுத்துப் போடுவேன், இந்த விலங்கைத் தெரிந்தவர் நீங்கள்தான், நீங்கள் சொல்லுங்கள் என்றார்.

ரத்தம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். லியா இன்றைக்கே பாக்கோவிடம் வந்துவிடுவாள். திரும்ப எப்போது ஒழுங்கு செய்வார்களோ, ஒருவேளை ஒருபோதும் செய்யமாட்டார்கள். அதேநேரம் அது உண்மையாகவே ரத்தமாக இருந்து நான் சாயம் என்று சொன்னால், கடலுக்கு மேலே செத்துப்போவாள். மயக்கிப் பார்க்கவும் வழியில்லை. ஃப்ராவ் கெஸ்லருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

நீங்கள் என்ன காண்கிறீர்கள் என்று கேட்டார். சிவப்பு என்றேன். கறுக்கிறதா என்று கேட்டார். பார்த்துக்கொண்டே நின்றேன். கடைசிப் பெட்டிகளும் ஏறின. அந்தப் புள்ளி துருவாகவே இருந்தது. முதுகைத் தேய்த்திருக்கிறாள், அவ்வளவுதான். கறுக்கவில்லை என்றேன்.

"உறுதியா, ஹெர் சிவனேசன்?"

உறுதி என்றேன்.

"உறுதியா?" என்று இன்னொரு தரம் கேட்டார். எதையும் இரண்டாந்தரம் கேட்கிற வழக்கம் அவருக்கு இல்லை. ரத்தம் என்று சொல்ல அவரும் எனக்கு ஒரு வழியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார் என்று எனக்கு விளங்கியது. நான் வைத்தியரிடம் திரும்பி, இது ரத்தம் இல்லை, சாயம் என்றேன். அவர் கையெழுத்துப் போட்டார். வான் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தவன், வழியில் ஓர் இளைப்பாறுமிடத்தில் நிறுத்தி அழுதேன்.

சேர்ந்துவிட்டாள் என்று அடுத்த நாள் செய்தி வந்தது. அதற்குப் பிறகு கன காலம் ஒன்றும் இல்லை. பாக்கோ விடியற்காலையில் சத்தம் போடுவதை நிறுத்திவிட்டான். கொடியில் துவாய்கள் வெளிறி வெளிறி வந்தன. நான் அவனுக்கும் பயந்தேன், அவளுக்கும் பயந்தேன். ஃப்ராவ் கெஸ்லர் ஓய்வு பெற்றுப் போகும் நாளில் எல்லோருக்கும் கை கொடுத்துவிட்டு, பாக்கோவின் கதவில் இரண்டு தட்டுத் தட்டி, உள்ளே போகாமலே திரும்பி நடந்தார்.

பிறகு ஒரு படம் வந்தது. உயர்ந்த மரத்தில், இரண்டு குரங்குகளுக்கு நடுவில் ஒரு பெண் குரங்கு, முதுகில் குட்டி. வெளிர் பொன்செம்மை நிறம், பாக்கோவின் துரு எங்கேயும் இல்லை. கீழே பெயர் போட்டிருந்தபடியால்தான் லியா என்று தெரிந்தது. நான் கையால் ஊட்டி வளர்த்தவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. சந்தோசப்பட வேண்டும் என்று தெரியும். பட்டேன், கொஞ்சம்.

பாக்கோ இன்னும் இருக்கிறான். கிழவன். பலகையில் ஒட்டுநாடாவைக் கண்ட அன்று வீட்டுக்கு வந்ததும் வைஷ்ணவிக்குத் தொலைபேசி எடுத்தேன். இப்போது அவள் பெரிய ஆள், சொந்த ஆய்வுக்குழு இருக்கிறது. ஆனாலும் அங்கிள்தான். என்ன நடக்கிறது என்று கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னாள். வடக்கு, தெற்கு என்று பிரித்த கோடு இப்போது கேள்வியில் இருக்கிறதாம். சிலர் இரண்டும் வேறு வேறு இனமே என்கிறார்களாம். சிலர் அப்படி ஒரு பிரிவே இல்லை, நடுவில் எல்லாம் கலந்துதான் கிடக்கிறது என்கிறார்களாம். "இன்னும் செட்டில் ஆகல அங்கிள். அதான் போர்டுல மறைச்சிருப்பாங்க" என்றாள்.

தயாளினி பல்கனியில் செம்பரத்தைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றாள். நான் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"அப்ப பிள்ளை, லியா திரும்பி வரலாமோ?"